அண்ணன் மலையின் கற்கள்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று அங்கே மூன்று இருக்கைகள் உண்டு. மாலை வேளையில் கீழே சேலம் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்க்க லேடீஸ் சீட்டில் கூட்டம் நெருக்கியடிக்கும். பிறகு ஏரியில் ஒரு படகுச் சவாரி, பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, ஒரு பொட்டலம் மிளகு, அரைக் கிலோ காப்பித்தூள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தால் ஏற்காடு முடிந்துவிட்டது. மலையேறும் எல்லோருக்கும் தொல்லியல் ஆர்வம் இருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குளிர்ந்த காற்றுக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவது மிகவும் கௌரவமான காரணம்தான். ஆனால் 'ஏற்காட்டின் பாரம்பரியம்' என்று அறிவிப்புப் பலகைகளிலும் கையேடுகளிலும் எழுதும்போதும் இதே இருக்கைகளைத்தான் எழுதுகிறோம். துரைமார்களும் துரைசானிகளும் உட்கார்ந்த இடங்கள் ஒரு மலையின் மொத்த வரலாறாகிவிட்டன.

இதற்கு நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நமக்கு ஒரு மலை பிடிக்கவேண்டுமானால் அதற்குச் சங்கப் பாடல் இருக்கவேண்டும். கொல்லிமலைக்கு வல்வில் ஓரி இருக்கிறான், கொல்லிப்பாவை இருக்கிறாள். பறம்புக்குப் பாரி. குதிரைமலைக்கு அதியமான் மரபு. சேர்வராயன் மலைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள எவரும் இல்லை. நாமக்கல்லிலிருந்து கொல்லிக்கு ஏறும் நண்பர்கள் புறநானூற்றைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதே நண்பர்கள் ஏற்காட்டுக்கு ஏறும்போது சீட்டுக்கட்டை எடுத்துச் செல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மலைகளில் வாழும் மக்களின் கணக்கில் முறை நேர் எதிரானது. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று விரிந்து கிடக்கும் மலைகளில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர். தமிழ் பேசுகிறவர்கள். ஏற்காட்டில் 'மலையாளி' என்ற சொல்லைக் கேட்டதும் ஓணம் பற்றி விசாரிக்கும் சுற்றுலாப் பயணிகளை இவர்கள் பொறுமையாகச் சகித்துக்கொள்கிறார்கள்.) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்கள்தாம். ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர்.

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்களிடையே ஒரு வழிவழிக் கதை உண்டு. அண்ணன் தம்பிகள் மூவர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு, தங்கள் தெய்வமான கரிராமனையும் சுமந்துகொண்டு மேற்கே வருகிறார்கள். மூத்தவன் பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்குகிறான். நடுவுள்ளவன் பச்சைமலைக்குப் போகிறான். இளையவன் கொல்லிமலைக்கு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்கதை பதிவாகியிருக்கிறது. மலைக்கு மலை விவரங்கள் சற்று மாறுபடும். ஆயினும் இந்தக் கணக்கில் சேர்வராயன் அண்ணன் மலை, கொல்லி தம்பி மலை. பாட்டுடைத் தலைவனாகும் பேறு தம்பிக்குக் கிடைத்துவிட்டது. குடும்பங்களில் அப்படி நடப்பதுதான்.

சேர்வராயன் மலை பழைய வழக்கில் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்று தனியான ஆட்சி முறையும் நீதி முறையும் இருந்தன. மலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கும் மேலே, ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அந்தக் குகையின் வழி காவிரி பிறக்கும் இடம்வரை நீள்கிறது என்பது நம்பிக்கை. காவிரி மேட்டூரைத் தாண்டி இந்த மலையின் மேற்கே கண்ணுக்கெட்டும் தொலைவில் ஓடுகிறது. கீழே ஓடும் ஆற்றை உச்சியில் ஒரு குகைக்குள் தெய்வமாக இருத்தி வைத்துக்கொண்ட கற்பனை என்னை எப்போதும் வியக்க வைப்பது. மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்களின் சனம் முழுதும் அங்கே திரளும். ஏறத்தாழ அதே நாட்களில்தான் கீழே ஏரிக்கரையில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. மலர்களால் செய்த யானையையும் பொம்மைகளையும் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு உச்சியில் ஒரு திருவிழா நடக்கிறது என்று தெரியும்?

இனி நான் சொல்ல வந்த இரண்டு மனிதர்களிடம் வருகிறேன். அவர்கள் மாமனாரும் மருமகனும்.

மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1820-களில் வெஸ்லியன் சபையின் பாதிரியாராக இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் அச்சாகிப் பிற்பாடு கிறித்தவர்களாலேயே பெரும்பாலும் கைவிடப்பட்டது ஒரு தனிக்கதை. நாவலர் 1848-ல் தம் பாதையில் பிரிந்து வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெர்சிவல் சென்னைக்கு வந்தார். 1855-ல் தினவர்த்தமானி என்ற வார இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியப் பொறுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அவர் அழைத்துவந்த இளைஞர்தான், பின்னாளில் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. ஆக, ஒருபுறம் நாவலர், மறுபுறம் தாமோதரம் பிள்ளை. தமிழ் உரைநடையின் தொடக்கத்திலும் பதிப்புத் துறையின் தொடக்கத்திலும் இந்த மனிதரின் நிழல் விழுகிறது. மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே பழமொழிகளைத் திரட்டத் தொடங்கியவர், 1874-ல் வெளியிட்ட பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அளித்தார். 1882-ல் ஏற்காட்டில் காலமானார்.

மருமகன் ராபர்ட் புரூஸ் பூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று, தம் இருபத்தெட்டாம் வயதில், பல்லாவரத்தில் செம்புறைக்கல் சரளைகளுக்கிடையே மனிதன் செதுக்கிய ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். மனிதனின் தொன்மை விவிலியக் கணக்கைவிட மிக மிகப் பழையது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் நேரில் கண்டு ஒப்புக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான முதல் அறிவியல் சான்றாக அந்தக் கல் அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அதிரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அதிரம்பாக்கத்துக் கருவிகள் சில பதினைந்து லட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-ல் நிறுவியது, பூட் அன்று தொட்ட இடத்தைத் தொடர்ந்து தோண்டியதன் பயன்.

பாதிரியாரின் மகள் எலிசபெத் ஆன் பெர்சிவலைத்தான் பூட் மணந்தார். அவர் 1870-ல் இறந்துவிட்டார். ஆனாலும் பூட், பணி ஓய்வுக்குப் பிறகு தம் மாமனார் வாழ்ந்து முடித்த ஏற்காட்டிலேயே குடியமர்ந்தார். அவருடைய வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். தென்னிந்தியா முழுதும் நாற்பதாண்டுகள் நடந்து பொறுக்கிய கற்களும் ஓடுகளும் அந்த வீட்டில் சேர்ந்தன. 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கிக்கொண்டது. அதற்கான விளக்க அட்டவணையை எழுதுவதில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அட்டவணை 1914-லும் 1916-லுமாக இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

கீழடிக்கு 2023-ல் அருங்காட்சியகம் திறந்தபோது நாம் கொண்டாடினோம். மயிலாடும்பாறை இரும்பின் காலக் கணிப்பு 2022-ல் வெளியானபோது தேநீர்க் கடைகளில்கூட அதைப் பற்றிப் பேச்சு. நல்லதுதான். தமிழரின் தொன்மை என்று இன்று நாம் பெருமையோடு பேசும் அறிவுத்துறை முதல் காலடி வைத்தது அந்த மலைவாசியின் பல்லாவரத்துக் கல்லில். அவர் பெயரில் ஏற்காட்டில் ஓர் இருக்கைகூட இல்லை.

சரி, பூட்டுக்கு ஒரு சிலை வைத்துவிட்டால் போதுமா? சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நினைவில்லம், ஒரு கண்ணாடிப் பேழை, அதனுள் கற்கள். என் எண்ணம் மாறியதற்குக் காரணம் அதே கற்கள்தாம்.

பூட்டின் தொகுப்பில் சேர்வராயன் மலையிலிருந்து வந்த புதிய கற்காலக் கோடரிகள் உண்டு. கருங்கல்லைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, ஒருபுறம் கூராக்கிய கற்கள். உள்ளங்கையில் அடங்குபவை. மழைக்குப் பின் உழும்போதோ காப்பிக்குக் குழி தோண்டும்போதோ மண்ணிலிருந்து வெளிப்படும். மலையாளிகள் அவற்றைக் கண்டெடுத்தால் எறிந்துவிடுவதில்லை. ஊர் எல்லையில் மரத்தடியில் இருக்கும் பிள்ளையாரின் முன்னே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சேலம், தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களில் இந்த வழக்கம் பரவலானது. சவ்வாது மலையிலும் உண்டு. சில இடங்களில் குவியலாகவே இருக்கும். நிலவியல் அறிஞர்களும் தொல்லியல் அறிஞர்களும் இம்மலைகளில் புதிய கற்காலத்தை வயல்களில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை, கோயில்களிலும் கண்டுபிடித்தார்கள்.

உலகம் முழுவதும் மனிதன் இந்தக் கற்களைக் கண்டு திகைத்திருக்கிறான். ஐரோப்பியக் குடியானவர்கள் இவற்றை இடியோடு விழுந்த கற்கள் என்று நம்பிக் கூரையில் செருகி வைத்தார்கள், வீட்டில் இடி விழாது என்று. தன் கையால் செய்யப்படாதது, ஆனால் கையால் செய்யப்பட்டது போன்றது, எவருடையதும் அல்லாதது. அப்படிப்பட்ட பொருளை என்ன செய்வது? சேர்வராயன் மலையில் அதற்கு ஒரு விடை இருந்தது. இது யாரோ முன்னவர்கள் விட்டுச்சென்றது, ஆகவே ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஊருக்குப் பொதுவான இடத்தில் வைக்கவேண்டும். நான் இதை விளக்கிச் சொல்கிறேன். அவர்கள் விளக்குவதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஓர் அருங்காட்சியகத்தின் அடிப்படைக் கொள்கை இதைத் தவிர வேறென்ன?

இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு, தொல்லியல் படித்த நண்பர் ஒருவருடன் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலையூருக்குச் சென்றிருந்தேன். முன்னொரு முறை அவர் அங்கே ஒரு பலாமரத்தடியில் பிள்ளையாரின் முன் ஏழெட்டுக் கோடரிகளைப் பார்த்திருந்தார். நாங்கள் போனபோது மரத்தடி மாறியிருந்தது. சிமெண்டு மேடை, மஞ்சளும் சிவப்புமாக டைல்ஸ் ஒட்டிய பீடம், கம்பிக் கதவு. கற்களைக் காணவில்லை. நண்பரின் முகம் வாடிவிட்டது. திண்ணையில் இருந்த பெரியவரிடம், "ஐயா, இங்க சாமி முன்னால கருப்பா வழவழன்னு கல்லுங்க இருந்துதே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்கயும் போவலைங்க. சிமெண்டு போடறப்ப பீடத்துக்குள்ளயே வெச்சுப் பூசிட்டோம்" என்றார் பெரியவர். எங்கள் மௌனத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய இருந்தா யாராச்சும் தூக்கிட்டுப் போயிடறாங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நண்பர் புலம்பிக்கொண்டே வந்தார். இதற்காகத்தான் இவற்றையெல்லாம் எடுத்து அருங்காட்சியகத்தில் சேர்க்கவேண்டும் என்கிறோம், பூட் எடுத்துப் போனவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன, அளந்து, எண்ணிட்டு, எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்புடன். விட்டுவைத்தவை சிமெண்டுக்குள் போய்விட்டன. இது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நான் அறிவியலின் பக்கம் நிற்பவன். பூட்டின் அட்டவணை இல்லாவிட்டால் சேர்வராயன் மலையில் புதிய கற்காலம் இருந்ததென்ற பேச்சையே நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பெரியவரின் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? பழம்பொருள் வியாபாரிகள் இருக்கலாம். அவர்களுக்கு முன்பே, நூறு ஆண்டுகளாக, நல்ல நோக்கத்துடன் எடுத்துப்போனவர்கள் நாம். கிராமத்தின் பார்வையில் இருவருக்கும் என்ன வேறுபாடு? இருவரும் சட்டை போட்டவர்கள், இருவரும் கல்லை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்கள், இருவரும் திரும்பி வரவில்லை. அந்த ஊர் தன் கற்களைக் காப்பாற்ற அதற்குத் தெரிந்த வழியில் பூட்டிவிட்டது.

மலையையே எடுத்துப்போன கதையும் உண்டு. சேர்வராயன் மலையின் உடல் சார்னகைட் என்ற பாறை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுதான். மழையும் வெயிலும் யுகக்கணக்கில் இந்தப் பாறையைக் கரைத்ததில் உச்சியில் படிந்த செம்மண் தொப்பிதான் பாக்சைட். பூட்டுக்கு முதல் கோடரியைத் தந்த செம்புறைக்கல்லின் நெருங்கிய உறவு அது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக 1960-களிலிருந்து சேர்வராயனிலும் கொல்லியிலும் அந்த மண் வெட்டப்பட்டது. 2008-ல் சுரங்கம் நின்றது. மலையுச்சியின் சமதளங்களைப் பார்த்து இயற்கையின் விந்தை என்று வியக்கும் பயணிகள், எது இயற்கை, எது இயந்திரம் என்று யாரையாவது விசாரித்துவிட்டு வியப்பது நல்லது. அதற்கும் முன்னால், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி சாமையும் தினையும் விளைந்த சரிவுகளை எஸ்டேட்டுகளாக மாற்றத் தொடங்கியிருந்தது. அந்த எஸ்டேட்டுகளில் மலையாளிகள் கூலிக்குப் போனார்கள். இவ்வளவையும் பார்த்த மக்கள், கீழிருந்து வருகிறவர் 'பாதுகாக்க' என்று சொன்னால் உடனே பீடத்தைத் திறந்து காட்டுவார்களா?

இங்கேதான் மாமனாரை மறுபடி அழைக்கவேண்டும். பெர்சிவலும் மருமகனைப் போலச் சேகரிப்பவர்தான். அவர் சேகரித்தது பழமொழிகளை. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மக்கள் வாயிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதால் அவற்றில் ஒன்றாவது எவர் வாயையும் விட்டு நீங்கிவிடவில்லை. ஆறாயிரம் பழமொழிகளையும் அள்ளிக்கொண்டுபோய் நூலாக்கியபின் தமிழ்நாட்டில் ஆறாயிரம் பழமொழிகள் குறையவில்லை. கல்லின் நிலைமை வேறு. எடுத்தால் அந்த இடம் காலி. மருமகன் காலத்தில் எடுத்துப் போவதைத் தவிர வழி இருக்கவில்லை. புகைப்படக் கருவி அரிது, வரைவது கடினம், ஒப்பிட்டுப் பார்க்கக் கற்கள் ஒரே மேசையில் இருந்தாகவேண்டும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. சேர்வராயன் மலைக் கற்களை மாமனார் பழமொழிகளைச் சேகரித்தது போலச் சேகரிக்கலாம். எழுதிக்கொண்டு, அங்கேயே விட்டுவிடலாம்.

நான் முன்வைப்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. சேர்வராயன் மலையின் ஊர்கள் எண்ணிவிடக்கூடியவை. ஒவ்வோர் ஊரின் பிள்ளையாரிடமும் இருக்கும் கற்களை அந்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு ஒரு பதிவேடு. அதைச் செய்யவேண்டியவர்கள் அந்த ஊர்களின் படித்த இளைஞர்கள். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. சட்டமன்ற உறுப்பினர் அவர்களில் ஒருவர், ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். கல்லை எழுதும்போதே கல்லைப் பற்றி ஊர் சொல்வதையும் எழுதவேண்டும். யார் எந்தக் காட்டில் கண்டெடுத்தது, எந்த ஆண்டு வறட்சியில் அதற்கு நீர் ஊற்றினார்கள், மூன்று நாடுகளின் எல்லை எந்த ஓடை, பட்டக்காரர் வழக்குத் தீர்த்தது எந்த மரத்தடி, பெரியண்ணன் கதையை இந்த ஊர் எப்படிச் சொல்கிறது. தர்ஸ்டனின் பக்கங்களுக்குப் பிறகு அந்தக் கதையை அவர்களே எழுதிய ஒரு நூலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எழும்பூரில் இருக்கும் சேர்வராயன் கோடரிகளில் சிலவாவது மலைக்குத் திரும்பவேண்டும். அமெரிக்காவில் 1990-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்கள் பூர்வகுடிகளின் முன்னோர் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் உரிய குடிகளிடம் திருப்பித் தரக் கட்டாயப்படுத்துகிறது. நமக்கு அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டியதில்லை. எழும்பூரும் ஏற்காடும் ஒரே மாநிலம்தான். எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லவில்லை. பூட்டின் தொகுப்பு ஒரு முழுமை, அதைச் சிதைப்பது ஆய்வுக்குக் கேடு. பத்துக் கற்கள் போதும், ஏற்காட்டில் ஓர் அறையில், மலையாளி மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி. சுவரில் பூட்டின் படமும் பெர்சிவலின் படமும் இருக்கட்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உச்சியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அறை வேண்டாம்.

நண்பர் இதற்கு ஒப்பவில்லை. ஊரில் விட்டுவைத்தவை திருடுபோனால் யார் பொறுப்பு என்கிறார். போகலாம். பதிவேட்டில் படமும் அளவும் இருந்தால் திருடியதை விற்பது கடினம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. இன்னொரு எதிர்ப்பும் எதிர்பார்க்கிறேன். கற்கோடரி என்று தெரிந்த பின்பும் அதைப் பிள்ளையாரிடம் விட்டுவைப்பது மூடநம்பிக்கைக்குத் துணைபோவது ஆகாதா என்று பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கருவியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். பெரியவருக்கும் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் கல்லை மதிக்காமல் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்னவர்களுடையது என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

பேச்சோடு நிற்கக்கூடாது என்று நண்பரும் நானும் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்தோம். நண்பர் பூட்டின் அட்டவணையைப் பார்த்துக் கட்டங்கள் போட்டார். ஊர், இடம், கல்லின் வகை, நீளம், அகலம், கனம், மெருகு. பலாமரத்தடியின் கற்களையே முதல் பதிவாக எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். அளவுக் கட்டங்கள் எல்லாம் காலியாகவே நின்றன. நண்பர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'பீடத்தினுள், ஊராரின் பொறுப்பில்' என்று எழுதினார்.